மேல்கதவு, சரியா?

புதிதாகப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் தலைவர் என்னை நேரில் வந்து பேசச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஊரப்பாக்கத்துக்குக் கார் அனுப்புகிறேன் என்றார். காரில் ஒன்றும் பிரச்சினை இல்லை, பேசுவதில்தான் அலுப்பு என்றேன். ஒரு மைக், ஒரு பொன்னாடை, முன்வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நாலு பேர். இதற்காக முட்டிவலியைத் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் வரவேண்டுமா? எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். படிக்கும்போது நீங்கள் தாராளமாகக் கொட்டாவி விடலாம், எனக்குத் தெரியப்போவதில்லை.

நான் விண்வெளி வீரன் இல்லை. அவர்களைத் தயார்செய்த கூட்டத்தில் ஒருவன். விண்ணோடத்தின் முன்பகுதியைப் போலவே ஒரு மாதிரி அறை செய்து, அதற்குள் அவர்களை உட்காரவைத்து, வெளியே இருந்து தொல்லை கொடுப்பது என் உத்தியோகம். விளக்கை அணைப்பேன், புகை விடுவேன், ரேடியோவைக் கெடுப்பேன். சதுரங்கப்பட்டினத்தில் மளிகைக்கடை வைத்திருந்த என் அத்தாவுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதே பெரிய குழப்பம். "சம்பளம் குடுத்து ஆளுங்கள பேஜார் பண்ணச் சொல்றாங்களா?" என்று கேட்பார். யோசித்துப் பார்த்தால் அவர்தான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நிலையத்தில் எல்லோருக்கும் நான் பாய் சார். அந்தப் பெயரோடுதான் ஓய்வும் பெற்றேன்.

எங்கள் விண்ணோடத்தில் நாலு இருக்கை. முன்னால் இடதுபக்கம் கமாண்டர். ஓட்டுவது, தரையிறக்குவது, கடைசி முடிவு எல்லாம் அவருடையது. வலதுபக்கம் பைலட். பெயர்தான் பைலட், உண்மையில் கமாண்டருக்குத் துணை, கமாண்டருக்கு முடியாமல்போனால் மாற்று. பின்வரிசையில் ஒருவர் மிஷன் ஸ்பெஷலிஸ்ட். விண்ணோடத்தின் உள்சமாசாரம் முழுக்கத் தெரிந்தவர், தேவைப்பட்டால் வெளியே மிதந்து வேலை செய்கிறவர். நாலாமவர் பேலோடு ஸ்பெஷலிஸ்ட். ஏதோ ஒரு ஆராய்ச்சியை மேலே கொண்டுபோய்ச் செய்துவிட்டு வருவதற்கு மட்டும் வருகிறவர். ஓட்டுவது சம்பந்தமான எதிலும் அவர் கைவைக்கக் கூடாது. கேன்டீனில் பைலட்டுகள் அந்த நாலாவது இருக்கைக்கு வைத்திருந்த பெயர் 'லக்கேஜ்'.

இதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கும். கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மூச்சுத் திணறும் நேரத்தில் யாரும் தன் இருக்கையின் வேலையைச் செய்வதில்லை. இங்கே வருவதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாரோ அந்த வேலைக்குப் போய்விடுவார். நாம் சொல்லிக்கொடுத்தது மேல்பூச்சு. சுரண்டினால் பழைய வண்ணம்தான் தெரியும்.

நான் சொல்லவரும் குழுவில் கமாண்டர் போர்விமானத்தைச் சோதித்துப் பார்க்கும் பைலட்டாக இருந்தவர். தனி ஆளாக ஒற்றை இருக்கை விமானத்தில் காலத்தைக் கழித்தவர். உடம்புக்கு என்ன ஆனாலும் வேலை முடியும்வரை வாய் திறக்கமாட்டார். ஒருமுறை விரல் எலும்பு விரிசல் விட்டதை மறுநாள் காலை நாஸ்தா சாப்பிடும்போதுதான் சொன்னார். பைலட்டும் அதே படையிலிருந்து வந்தவர், கமாண்டருக்கு ஜூனியர். பல வருடம் அவர் விமானத்துக்குப் பக்கத்திலேயே பறந்தவர். அவர் திரும்பினால் திரும்புவார், அவர் இறங்கினால் இறங்குவார், காரணம் கேட்கமாட்டார். பைலட் உயிரோடு இருந்ததே அந்தப் பழக்கத்தால்தான். மிஷன் ஸ்பெஷலிஸ்ட் ஒரு டாக்டர். முகத்தைப் பார்த்தாலே பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

நாலாவது இருக்கை எஸ்தருக்கு. அச்சரப்பாக்கத்துப் பெண். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா பள்ளிக்கூட வாட்ச்மேன். அம்மா சத்துணவுக்கூடத்தில் சமையல். எஸ்தர் படித்து, கல்பாக்கத்தில் அணுஉலைக் கட்டுப்பாட்டு அறையில் என்ஜினீயராக இருந்தாள். எடையற்ற இடத்தில் திரவ உலோகம் சூட்டை எப்படிக் கடத்துகிறது என்று பார்க்கும் ஒரு சோதனையை அவளே உருவாக்கியிருந்தாள். செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி. அதோடு சேர்ந்துதான் அவளையும் தேர்ந்தெடுத்தார்கள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த உத்தரவு சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்பாள். "சரி" என்று பதில் வந்தபிறகுதான் கை நகரும். கட்டுப்பாட்டு அறையில் அப்படித்தானாம். சொன்னவர் ஒன்று நினைத்து, கேட்டவர் ஒன்று செய்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே அது கட்டாயம். இங்கே அது எல்லோருக்கும் எரிச்சல். "பெல்ட்டைப் போடு" என்றால், "பெல்ட்டைப் போடுகிறேன், சரியா?" என்பாள். பைலட் தலையில் அடித்துக்கொள்வார். கேன்டீனில் அவளிடம் யாராவது உப்பு கேட்டால், மேசையிலிருக்கும் மற்றவர்கள் கோரஸாக "உப்பு, சரியா?" என்று கத்துவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, உப்பை எடுத்துத் தரும்போதும் அதையே கேட்பாள். பைலட் என்னிடம் வந்து, நேரம் வீணாகிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. அது நல்ல பழக்கம் என்று கண்டுபிடித்ததால் அல்ல. வருடக்கணக்காக ஊறிய பழக்கத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். உள்கூடத்தில் பயிற்சி முடிந்ததும் நான் ஹெட்செட்டில் "ஸ்டாப்" என்பேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பைலட் தன் பக்கத்திலிருக்கும் பக்கக்கதவைத் திறப்பார். எல்லோரும் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வடையும் காபியும் தேடிப் போவார்கள். இப்படி எத்தனையோ தடவை. நாய்க்கு மணியடித்துப் பழக்கியது மாதிரி நாங்களே பழக்கி வைத்திருந்தோம்.

கடல் பயிற்சி மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே. விண்ணோடம் ஓடுபாதைவரை வரமுடியாமல் கடலில் இறங்கிவிட்டால் எப்படி வெளியேறுவது என்பதற்கான பயிற்சி. மாதிரி அறையை மிதவையில் கட்டி இழுத்துப்போய்த் தண்ணீரில் விட்டோம். கடலில் ஒரே ஒரு விதிதான். மேல்கதவு. பக்கக்கதவு தரைக்கு மட்டும். அலை ஒரு பக்கமாகச் சாய்த்தால் பக்கக்கதவின் பாதி தண்ணீருக்குள் போய்விடும். அதைத் திறந்தால் கடல் உள்ளே வரும். கனமான உடுப்போடு, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேர் அதற்குப்பிறகு வெளியே வருவது கஷ்டம்.

அந்தப் பயிற்சியோடு குழு இறுதியாகும். தேறினால் அந்த நாலு பேரும் மேலே போவார்கள். எஸ்தருக்கு மாற்றாக ஒரு மண்ணியல் விஞ்ஞானியும் தயாராக இருந்தார், நல்ல மனிதர். ஆனால் அச்சரப்பாக்கத்தில் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? சர்ச் வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பெரிய ஃபிளெக்ஸே கட்டிவிட்டார்கள். விண்வெளி உடுப்பில் எஸ்தர், பின்னால் பூமி உருண்டை, கீழே வரிசையாகப் பையன்களின் முகம். அவள் அதைப் பற்றிச் சொன்னபோது வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். "இன்னும் ஃபைனலே ஆவல சார், எங்கம்மா கேக்கவே மாட்டேங்குது" என்றாள்.

சித்திரை மாதம், காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஃபைபர் படகில் ஹெட்செட்டோடு இருந்தேன். என்னோடு தனபால். மாமல்லபுரம் மீனவர் குப்பத்துக்காரர், எங்கள் முக்குளிப்போர் குழுவுக்கு மேஸ்திரி மாதிரி. ஹெட்செட்டில் நாலு பேரின் குரலும் கேட்கும். உள்ளே பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. அலை அறையை வலதுபக்கம் சாய்த்துப்போட்டது, அதாவது பைலட் பக்கம். பக்கக்கதவின் பாதிக்குமேல் தண்ணீர். பிரச்சினை இல்லை, அந்தக் கதவை யாரும் தொடப்போவதில்லை. கமாண்டர் குரல் வந்தது.

"மேல்கதவு."

"மேல்கதவு, சரியா?" என்றாள் எஸ்தர்.

அவளை அவர் கேட்கவேயில்லை. மேல்கதவைத் திறக்கவேண்டியது டாக்டர். டாக்டர் பெல்ட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அப்போது கமாண்டர் மறுபடியும் பேசினார்.

"சரி. பக்கக்கதவு. சீக்கிரம்."

பாட்டில் என் கையிலேயே நின்றுவிட்டது. கமாண்டரின் உடுப்புக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய் கழன்றுபோயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அது அவருக்கு அப்போதே தெரியும். உள்ளே வெந்துகொண்டிருந்தார். ஆனால் வேலை முடியவில்லையே, எப்படிச் சொல்வார்? டாக்டர் உட்கார்ந்திருந்தது அவருக்கு நேர் பின்னால். டாக்டருக்குத் தெரிந்தது ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும். முகத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மனிதருக்கு முகமே கிடைக்கவில்லை.

பைலட்? அவருக்கு முன்னால் பறப்பவர் திரும்பிவிட்டார். அவரும் திரும்பினார். வெளியே பக்கக்கதவின் கைப்பிடி கால்வாசி சுற்றுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எஸ்தர் குரல் வந்தது. "முதலில் மேல்கதவு என்றீர்கள். இப்போது பக்கக்கதவு என்கிறீர்கள். எந்தக் கதவு?"

"கமாண்டர் சொல்லிவிட்டார்" என்றார் பைலட்.

"இரண்டு கதவு சொல்லியிருக்கிறார். எந்தக் கதவு?"

"இன்னா பாய், கதவு அசையுது? உள்ள இன்னா பண்ணிக்கினு கீறானுங்க?" என்று தனபால் எழுந்து நின்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "ஸ்டாப்" என்று கத்தியிருப்பீர்கள். என் வாய்வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. அது வெளியே வந்திருந்தால், அந்தப் பைலட்டின் கை என்ன செய்திருக்கும்? ஸ்டாப் என்றால் பயிற்சி முடிந்தது. பயிற்சி முடிந்தால் பக்கக்கதவு. யோசிக்காமல், பழக்கத்தில், கைப்பிடியை முழுதாகச் சுற்றியிருப்பார். வடையும் காபியும் ஞாபகத்துக்கு வந்தே சுற்றியிருப்பார். 'திறக்காதே' என்று சொல்லலாமே என்பீர்கள். உள்ளே ஏற்கனவே இரண்டு குரல் அவரை இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவதாக என் குரல். அதில் அவர் பல வருடம் கீழ்ப்படிந்து பழகிய குரல் கமாண்டருடையது ஒன்றுதான்.

மைக்கை மூடிக்கொண்டேன். "தனபாலு, அந்தக் கதவுமேல போய்ச் சாஞ்சுக்கங்க. தெறக்க வுடாதீங்க" என்றேன்.

"உள்ளேர்ந்து தள்ளினா?"

"தள்ளினாலும் தெறக்க வுடாதீங்க!"

தனபாலும் இன்னொரு முக்குளிப்பவரும் குதித்தார்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு அது. இரண்டு பேரும் தண்ணீரில் மிதந்தபடி தோளைக் கொடுத்தார்கள். அலை அவர்களைக் கதவோடு சேர்த்து அறைந்தது. ஹெட்செட்டில் ஏதோ உரசும் சத்தம். எஸ்தர் பின்னாலிருந்து எட்டி, கைப்பிடிமேல் இருந்த பைலட்டின் கையைப் பிடித்துவிட்டாள். அவள் வாயில் அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது.

"வேணாம், வுடு!"

பைலட்டுக்குத் தமிழ் தெரியாது. அவர் கையை உதறினார். அவள் விடவில்லை. விடாமலே கமாண்டரிடம் இன்னொரு கேள்வி கேட்டாள். இந்தமுறை ஆங்கிலத்தில், கட்டுப்பாட்டு அறைக் குரலில், சத்தமே உயர்த்தாமல்.

"கமாண்டர், நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?"

கமாண்டர் சொன்னார்.

"ஓடுபாதை தெரிகிறது. சக்கரத்தை இறக்கு."

எத்தனையோ பயிற்சியில் எத்தனையோ பயத்தைப் பார்த்திருக்கிறேன், அந்தக் குரல் மாதிரி எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை. அவ்வளவு நிதானமாக, அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார். சுற்றிலும் வங்காள விரிகுடா.

வெளியே கைப்பிடி மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியது. பைலட்டின் குரல் மாறியிருந்தது.

"கட்டுப்பாடு என்னிடம். மேல்கதவு."

"கட்டுப்பாடு உங்களிடம். மேல்கதவு, சரியா?"

"சரி."

டாக்டர் மேல்கதவைத் திறந்தார். கமாண்டரைத் தூக்கி வெளியே எடுத்தபோது அவர் உடம்பு அடுப்பிலிருந்த தோசைக்கல் மாதிரி கொதித்தது, அந்தச் சூடுதான் புத்தியைக் குழப்பியிருந்தது. ஐஸ் மூட்டையோடு ஆம்புலன்ஸ் செங்கல்பட்டுக்குப் பறந்தது. பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். தனபாலுக்குத்தான் தோள்பட்டை கன்றிப்போய், "இன்னா பாய், கதவ தெறக்கத்தான ஆள் வைப்பாங்க, நீ மூடறதுக்கு வெக்கிற" என்று பல நாள் திட்டிக்கொண்டிருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் அந்தப் பொன்னாடைக்கே வந்திருப்பேன்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. நடந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எல்லாம் ஒலிப்பதிவில் இருந்தது. எஸ்தர் கேட்டது சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கமாண்டரே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார், கையில் ஊசி குத்திய பிளாஸ்திரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "அவள் கேட்ட கேள்வி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அவள் கேட்டது சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?" என்றார். இனிமேல் குழுவில் எல்லோரும் உத்தரவைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று அன்றைக்கே விதியாக்கினார்கள். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு தனி உத்தரவு இல்லாமல் கதவைத் தொடக்கூடாது என்பதும் அன்றைக்கு வந்த விதிதான். உங்களில் சிலர் இந்தத் திருப்பிச் சொல்வதைக் கேலிசெய்வதாகக் கேள்விப்பட்டேன். செய்யுங்கள், ஆனால் கடைப்பிடித்துக்கொண்டே செய்யுங்கள்.

பிறகு விசாரணைக் குழுத் தலைவர் பைலட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். கமாண்டர் உடல்நிலை காரணமாக விலகியாயிற்று, வேறு கமாண்டர் வருவார். "எஸ்தரோடு நீங்கள் பறப்பீர்களா?"

பைலட் கெட்டவர் இல்லை. அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அவர் கையைப் பிடித்து முத்தமே கொடுத்திருப்பேன். அவர் நிஜத்தைச் சொன்னார்.

"பறப்பேன். என் உயிரைக் காப்பாற்றியவள். ஆனால் தரையிறங்கும் நேரத்தில் அவள் கை எங்கே இருக்கிறது என்று என் மனசில் ஒரு மூலை பார்த்துக்கொண்டே இருக்கும்."

அவ்வளவுதான். அந்த ஒரு மூலை போதுமாக இருந்தது. விண்ணோடம் தரையிறங்கும்போது பைலட்டுக்கு ஒரு மூலைகூட மிச்சம் இருக்கக் கூடாது, இது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாதாடினேன். நாலாவது இருக்கை எதிலும் கைவைக்கக் கூடாது என்ற உங்கள் விதிப்படி நடந்திருந்தால் நாலு பிரேதத்தை எடுத்திருப்போம் என்று சொன்னேன். குரல் உயர்த்திச் சொன்னேன், மேசையைக்கூடத் தட்டினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாய் சார், அவள் செய்தது தப்பு என்று இங்கே யாராவது சொன்னோமா?" என்றார். யாரும் சொல்லவில்லை. அதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. தப்பே செய்யாத ஒருத்தியை, யார்மேலும் தப்பில்லாமல், ஒரு இருக்கையிலிருந்து இறக்கிவிட முடியும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடம் எனக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. இப்போதும் அப்படித்தான்.

அவளிடம் சொல்லவேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. போனில் சொல்ல மனசு வரவில்லை. அச்சரப்பாக்கம் போனேன். ரோட்டோரத்தில் அந்த ஃபிளெக்ஸைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

எஸ்தர் வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். ஏதோ சுற்றி வளைத்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, நேராகவே சொன்னேன்.

"நான் போகல. என் கருவி போவும். எனக்குப் பதிலா அந்த மண்ணியல்காரரு போவாரு. சரியா சார்?" என்றாள்.

"சரிம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்வதற்கு எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அவள் அழவில்லை. உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அழுதது அவள் அம்மாதான், அதுவும் கோபத்தில். "இன்னா பாய் இது, நல்லது பண்ணவளயே எறக்கி வுடறீங்க? எம் பொண்ணு கையப் புடிக்கலேன்னா அவங்கல்லாம் இன்னிக்கு எங்க கீறாங்க?" என்று கேட்டார். எஸ்தர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு அவரே கேட்டார்.

"ரோட்ல கீதே அந்த பேனரு, அத கழட்டச் சொல்லிடவா?"

"இருக்கட்டும்மா" என்றேன். எந்த உரிமையில் சொன்னேன் என்று தெரியவில்லை. அது மழைக்காலம்வரை இருந்தது. பிறகு காற்று கிழித்தது. பையன்கள் அதை எடுத்துக் கோழிக்கூண்டுக்கு மேலே போட்டதாக எஸ்தரே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் கல்பாக்கத்துக்கே திரும்பிப் போனாள். பழைய கட்டுப்பாட்டு அறை, பழைய ஷிஃப்ட், பழைய ஸ்டாஃப் பஸ். அந்தக் குழு மேலே போய் வந்த சமயத்தில் நான் ஓய்வுபெற்றுவிட்டேன். தரையிறங்கும் காலை, ஊரப்பாக்கம் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தேன். என் மனைவி இட்லியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிட்டுப் பாருங்க, உங்க இட்லியப் புடிச்சுக்கினா அவங்க எறங்கப்போறாங்க?" என்றாள். சாப்பிட முடியவில்லை. நேரலையில் குழுவின் குரல் வந்தது. கமாண்டர் சொல்கிறார், பைலட் திருப்பிச் சொல்கிறார், "சரியா?" என்கிறார், "சரி" வருகிறது. கேன்டீனில் உப்புக்குக் கத்திய அதே ஆள். இப்போது நாடு முழுக்கக் கேட்க அவளுடைய வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சக்கரம் தரையைத் தொட்டது. என் மனைவி கைதட்டினாள். நான் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷமும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது, எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

எஸ்தருக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தாள். இன்ஜின் சத்தம், பின்னால் யாரோ அரட்டை. என்ன சொல்வது என்று தெரியாமல், "கேட்டியாம்மா? எல்லாம் நீ சொன்னபடிதான் சொல்றாங்க" என்று உளறினேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"கேட்டேன் சார். போன்லயே ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கினு வந்தேன்" என்றாள். "ஒண்ணு மட்டும் சார். சக்கரத்த எறக்கறப்ப கமாண்டர் சொன்னாரு, பைலட் திருப்பிச் சொன்னாரு. ஆனா 'சரி'ன்னு பதில் வர்றதுக்கு முந்தியே எறக்கிட்டாரு. தரை பக்கத்துல வந்துட்டா அவசரப்படறாங்க. அடுத்த பேட்ச்சுக்கு அத சொல்லிடுங்க சார்."

நான் எழுதிக்கொள்ளப் பேனா தேடினேன்.

"சார், லைன்ல கீறீங்களா? பதில் வர்ற வரைக்கும் கை நகரக்கூடாது. அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லணும். சரியா?"

"சரிம்மா" என்றேன்.

அந்த அடுத்த பேட்ச் நீங்கள்தான். சொல்லிவிட்டேன்.